அம்பு பட்டது, மானைக் காணோம்: அறிகுறி பார்த்துத் தேடும் முறை

மிச்சிகன் மாநிலத்தில் அக்டோபர் 1 அன்று வில் வேட்டைக் காலம் தொடங்குகிறது. நவம்பர் 15 அன்று துப்பாக்கிக் காலம். பல ஊர்களில் அன்று பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை. இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில், இங்கே வந்து வில் பிடிக்கப் பழகிய நம்மவர்கள் சிலர் அந்தி நேரத்தில் என்னை அழைப்பார்கள். "அண்ணா, அம்பு நன்றாகத்தான் பட்டது. மானைத்தான் காணவில்லை."

நான் கேட்பது ஒன்றுதான்: "இப்போது எங்கே நிற்கிறாய்?"

பாதிப் பேர் மான் போன வழியில், காட்டுக்குள் நின்றுகொண்டு பேசுவார்கள். கோளாறு அங்கேயே தொடங்கிவிட்டது. மரத்தின் மேல் கட்டிய பரணை விட்டு இறங்கியிருக்கவே கூடாது.

படிக்கும் முன் ஒரு வார்த்தை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். கீழே எழுதியிருப்பது அமெரிக்காவில் உரிமம் வாங்கி வெள்ளைவால் மானை வேட்டையாடுபவர்களுக்கானது. வேட்டையே தவறு என்று நினைப்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் அம்பை விட்டவன் அந்த மானைத் தேடி முடிக்காமல் வீட்டுக்குப் போவது தவறு என்பதில் அவர்களும் நானும் ஒரே பக்கம்தான். இதைச் சொல்ல எனக்கு ஏதாவது தகுதி இருக்கிறது என்றால், அது முதல் ஆண்டில் ஒரு பிணையை, அதாவது பெண் மானை, நான் தொலைத்ததால் வந்தது. அந்தக் கதை இடையில் வரும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியவை சில உண்டு. அம்பு போன நொடியில் மணி பாருங்கள். மான் நின்ற இடத்தை ஒரு மரத்தையோ கல்லையோ வைத்து மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அது கண்ணிலிருந்து மறைந்த இடத்தையும் அப்படியே குறித்துக்கொண்டு, தொலைபேசியின் திசைகாட்டியில் அந்தத் திசையைப் பதிந்துகொள்ளுங்கள். இருபதடி உயரப் பரணிலிருந்து ஒரே மரமாகத் தெரிந்தது, கீழே இறங்கினால் நாற்பது மரமாக நிற்கும். பிறகு காது கொடுத்துக் கேளுங்கள். சருகு நொறுங்கும் ஓட்டம், கிளை முறிதல், தடால் என்ற ஓசை, அதன் பின் வரும் அமைதி, எல்லாமே தடயம்தான். அரை மணி நேரம் அசையாமல் இருங்கள்.

"பட்டவுடன் துள்ளிப் பின்னங்காலை உதைத்து, உடலைத் தாழ்த்திப் பாய்ந்தது"

பெரும்பாலும் இதயம் அல்லது நுரையீரலின் கீழ்ப்பகுதி. நல்ல செய்தி. ஐம்பதிலிருந்து நூற்றைம்பது கஜத்துக்குள் விழுந்திருக்கும். அரை மணி கழித்துப் போங்கள். இரத்தம் வெளிர்ச் சிவப்பாக, சின்னச் சின்னக் குமிழிகளோடு இருந்தால் நுரையீரல். குமிழி இல்லாமல் பளிச்சென்று நிறையக் கொட்டியிருந்தால் இதயமோ பெரிய நாளமோ. இதற்கு மேல் இங்கே சொல்ல ஒன்றுமில்லை. இந்த மானுக்காக யாரும் என்னை அழைப்பதில்லை.

"துள்ளவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு, வாலை ஒடுக்கி, மெல்ல நடந்து போனது"

இங்கேதான் நிறுத்தி நிதானமாகப் பேச வேண்டும். தொலைந்துபோகும் மான்களில் பெரும்பகுதி இந்த வகை என்பது என் அனுபவம்.

கூனல் என்றால் அம்பு, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்துக்குப் பின்னால் போயிருக்கிறது என்று கொள்ளுங்கள். ஒன்று ஈரல், அல்லது இரைப்பையும் குடலும். அசைபோடும் விலங்குகளுக்குப் பெரிய இரைப்பை இடப்பக்கம் அடைத்துக்கொண்டிருக்கும். ஈரல் வலப்பக்கம் ஒதுங்கியிருக்கும். ஆகவே மான் எந்தப் பக்கத்தைக் காட்டி நின்றது, அம்பு எந்தக் கோணத்தில் நுழைந்து எங்கே வெளிவந்தது என்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கடைசி விலா எலும்பை ஒட்டி வலப்பக்கம் நுழைந்திருந்தால் ஈரலுக்கு வாய்ப்பு அதிகம்.

ஈரல் இரத்தம் கருஞ்சிவப்பு, குமிழி இருக்காது. நான்கிலிருந்து ஆறு மணி நேரம் விட வேண்டும். இரைப்பையோ குடலோ என்றால் இரத்தம் மிகக் குறைவு. இருக்கும் கொஞ்சமும் நீர்த்துப்போய், பச்சையோ பழுப்போ கலந்து வரும். அம்பை முகர்ந்து பாருங்கள், ஐயமே இருக்காது. அதற்கு எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம். அந்தியில் எய்ததானால் மறுநாள் காலை.

ஏன் இவ்வளவு காத்திருக்க வேண்டும்? வயிற்றில் காயம்பட்ட மான் ஓட விரும்புவதில்லை. யாரும் துரத்தவில்லை என்றால் இருநூறு கஜத்துக்குள் புதரோரம், பெரும்பாலும் தண்ணீருக்குப் பக்கமாக, படுத்துவிடும். படுத்த இடத்திலேயே பல மணி நேரத்தில் உயிர் போகும். அந்தப் படுக்கையிலிருந்து ஒரு முறை எழுப்பிவிட்டீர்கள் என்றால் கதை மாறிவிடும். பயம் வலியை மறக்கடிக்கும். இரத்தம் சிந்தாமல் அரை மைல் போகும், அடுத்து எங்கே படுக்கும் என்று யாருக்கும் தெரியாது.

எனக்கு நடந்தது இதுதான். முதல் ஆண்டு, அக்டோபர் கடைசி வாரம், வெளிச்சம் மங்கும் நேரம். மக்காச்சோள வயலின் ஓரத்தில் ஒரு பிணை. அம்பு பட்டதும் கூனிக்கொண்டு நடந்தது. நாற்பது கஜம் தள்ளி நின்று திரும்பியும் பார்த்தது. "நின்றுவிட்டதே, விழப்போகிறது" என்று நினைத்துக்கொண்டேன். அம்பை எடுத்தேன், நாற்றம் அடித்தது. அந்த நாற்றத்துக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். படித்திருந்தேன். இருந்தும் இருபது நிமிடத்தில் டார்ச்சோடு கிளம்பிவிட்டேன். சீடார் சதுப்பின் ஓரத்தில் ஏதோ எழுந்து தண்ணீரைக் கலக்கிக்கொண்டு ஓடியது. டார்ச் வெளிச்சத்தில் வெள்ளை வால் ஒரு முறை தெரிந்தது, அவ்வளவுதான். அப்போதாவது திரும்பியிருக்க வேண்டும். இன்னும் ஒரு மணி நேரம் தேடினேன். நான் வேட்டையாடும் நிலத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர், எழுபது தாண்டியவர், மறுநாள் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "உன் மான் உன்னால் சாகவில்லை, உன் டார்ச்சால் தொலைந்தது" என்றார். அவருக்கு ஆறுதல் சொல்லும் பழக்கம் இல்லை.

வெயில் காலமாக இருந்தால் இறைச்சி கெட்டுவிடாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இரவு 10 டிகிரி செல்சியசுக்கு மேல் இருந்தால் உட்பகுதி விரைவில் கெடத் தொடங்கும். நரியைப் போன்ற கயோட்டிகள் வேறு சுற்றும். ஆனால் கணக்கைப் பாருங்கள். காத்திருந்தால் இறைச்சியில் ஒரு பங்கு போகலாம். விரட்டினால் மானே போய்விடும். வெப்பமான இரவில் நான் காத்திருப்பை ஆறு மணி நேரமாகக் குறைப்பேன். அதற்குக் கீழே இறங்க மாட்டேன்.

இன்னொன்றும் உண்டு: போகும்போது மான் எழுந்து ஓடினால் அந்த நொடியே நில்லுங்கள். அது போன திசையைப் பாருங்கள், வந்த வழியே சத்தமில்லாமல் திரும்புங்கள். கடிகாரத்தை மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து ஓடவிடுங்கள்.

"இருந்த இடத்திலேயே விழுந்தது. நான் கொண்டாடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து ஓடிவிட்டது"

முதுகெலும்பே உடைந்திருந்தால் மான் எழாது. விழுந்து எழுந்தது என்றால், முதுகெலும்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பு முட்களில் அம்போ குண்டோ தட்டி, ஒரு கணம் நரம்பு மரத்துப்போயிருக்கிறது. காயம் முதுகுத் தசையோடு நின்றிருக்கும். "நுரையீரலுக்கும் முதுகெலும்புக்கும் இடையில் காலி இடம் உண்டு, அதில் அம்பு போய்விட்டது" என்று பழைய வேட்டைக்காரர்களே சொல்வார்கள். அப்படி ஒரு காலி இடம் மானுக்குக் கிடையாது. நுரையீரல் முதுகெலும்பை ஒட்டியே விரிந்திருக்கிறது. அம்பு உண்மையில் முதுகெலும்புக்கு மேலே போயிருக்கும். கலைமானின் முதுகு உரோமங்களும் தசையும் எலும்புக்கு மேலே எவ்வளவு உயரம் என்பதை நாம் எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறோம்.

அம்பு மேலே படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வில்லின் ஒலி அம்பை முந்திக்கொண்டு போகிறது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,100 அடி. நல்ல வில்லின் அம்பே முந்நூறு அடிக்குள்தான். சத்தம் கேட்ட மான் ஓட எத்தனித்து முதலில் உடலைத் தாழ்த்துகிறது. நீங்கள் குறிவைத்த இடம் கீழே இறங்கிவிடுகிறது, அம்பு மேலே படுகிறது.

செய்ய வேண்டியது: விழுந்த மான் தலையைத் தூக்கினால் தயங்காமல் இரண்டாவது அம்பை விடுங்கள். பிறகு வருத்தப்பட நேரம் இருக்காது. ஓடிவிட்டது என்றால் தடத்தைக் கடைசி வரை பாருங்கள். இத்தகைய மான்களில் பல பிழைத்துக்கொள்ளும். ஆனால் பிழைத்துக்கொள்ளும் என்று பரணிலிருந்தே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

"ஒரு கால் தொங்குகிறது"

இது மட்டும் மேலே சொன்ன விதிக்கு விலக்கு. கால் எலும்பு மட்டும் உடைந்திருந்தால், காத்திருந்தால் இரத்தம் உறைந்துவிடும், மூன்று காலில் மான் நன்றாகவே ஓடும். தடத்தில் எலும்புச் சில்லும் மஜ்ஜையும் கிடக்கும். சருகில் குளம்பு இழுபட்ட கோடு தெரியும். துப்பாக்கிக் காலமாக இருந்து, உடன் ஆளும் இருந்து, நிலமும் பெரியதாக இருந்தால் விரைவிலேயே பின்தொடர்ந்து இன்னொரு குண்டுக்கு வாய்ப்பைத் தேடுவதுதான் சரி என்பவர்கள் பலர்; நானும் அந்தக் கட்சி. வில்லோடு மட்டும் இருந்தால், மோப்பம் பிடித்துத் தடம் தேடும் நாயை அழைப்பது மேல்.

"அம்பு கிடைத்தது. என்ன சொல்கிறது என்று தெரியவில்லை"

அம்பை உடனே துடைக்காதீர்கள், கூட்டுக்குள் செருகாதீர்கள். நல்ல வெளிச்சத்தில் முனையிலிருந்து இறகு வரை பாருங்கள், முகருங்கள், விரலால் தேய்த்துப் பாருங்கள். மணல் போலவோ நார் போலவோ நெருடினால் இரைப்பை. பிசுபிசுவென்று கொழுப்பு மட்டும் இருந்தால் முதுகு, தொடை அல்லது மார்புக்குக் கீழே உரசிப் போயிருக்கலாம். வெள்ளை உரோமம் அடிவயிற்றிலிருந்து வருவது. நுனி கறுத்த நீள உரோமம் முதுகிலிருந்து வருவது. உரோமம் குவியலாகக் கிடந்து இரத்தம் இல்லை என்றால், அம்பு தோலை உழுதுகொண்டு போயிருக்கிறது.

அம்பு சுத்தமாக இருந்தால் "தவறிவிட்டது" என்று முடிவுகட்டத்தான் மனம் ஆசைப்படும். அதுவே காரணமாக இன்னும் முந்நூறு கஜம் நடந்து பாருங்கள். ஓட்டம் எடுத்த மானின் குளம்புத் தடம் சருகைப் பிய்த்து மண்ணைக் காட்டியிருக்கும். அதன் வழியே போய்ப் பாருங்கள். ஒன்றுமே இல்லை என்று உறுதியான பின்தான் தவறிய அம்பு.

"அம்பில் இரத்தம் இருக்கிறது, தரையில் இல்லை"

பரணிலிருந்து எய்பவர்களுக்கு இது சகஜம். அம்பு மேலே நுழைந்து, மறுபுறம் கீழே வெளியேறவில்லை என்றால், இரத்தம் மார்புக்கூட்டுக்குள்ளேயே நிரம்புகிறது. குடம் நிரம்பி வழியும்வரை வெளியே ஒரு சொட்டும் வராது. ஐம்பது அறுபது கஜம் தள்ளித்தான் முதல் துளி கிடைக்கும். அதற்குள் "இரத்தமே இல்லை" என்று கைவிடுகிறவர்கள் உண்டு. மான் மறைந்த இடத்தை முதலிலேயே குறித்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான். தேடலை அங்கிருந்து தொடங்கலாம்.

தரையை மட்டும் பார்க்காதீர்கள். புல் தண்டு, இளஞ்செடியின் இலை, மரப்பட்டை என்று இடுப்பு உயரம் வரை பாருங்கள். காயம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துச் செடிகளில்தான் தீற்றல் இருக்கும்.

அக்டோபரில் இன்னொரு தொல்லை. மேப்பிள் இலைகளில் இயல்பாகவே சிவப்புப் புள்ளிகள் இருக்கும். டார்ச் ஒளியில் ஒவ்வொன்றும் இரத்தத் துளி போலவே கண்ணைப் பறிக்கும். மருந்துக்கடையில் பழுப்புப் புட்டியில் விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சின்னத் தெளிப்பானில் ஊற்றி எடுத்துப் போங்கள். இரத்தம் என்றால் வெள்ளையாக நுரைக்கும், இலைப்புள்ளி என்றால் சும்மா நனையும். இரண்டு டாலர் செலவில் என் கண்பார்வையைவிட நம்பகமான சாட்சி.

"நன்றாக வந்த தடம் திடீரென்று நின்றுவிட்டது"

முதலில் நீங்களும் நில்லுங்கள். கடைசித் துளியின் மேல் ஒரு கழிப்பறைத் தாளைக் கிழித்துப் போடுங்கள்; மழையில் கரைந்துவிடும், பிளாஸ்டிக் நாடாவைப் போல யாரும் பொறுக்க வேண்டாம். இதற்கு முன் வந்த துளிகளிலும் தாள் போட்டிருந்தால், திரும்பிப் பார்க்கும்போது மான் எந்தக் கோட்டில் போகிறது என்று தெரியும். பாதிச் சிக்கல் அதிலேயே அவிழ்ந்துவிடும்.

பிறகு துளியையே பாருங்கள். ஓடும் மானின் துளி வட்டமாக விழாது. போகும் திசையில் விரல்கள் நீட்டியது போலச் சிதறியிருக்கும். ஓரிடத்தில் துளிகள் குவிந்திருந்தால் மான் நின்றிருக்கிறது. நின்ற மான் திசை மாற்றியிருக்கலாம், வந்த வழியிலேயே கொஞ்சம் திரும்பியும் இருக்கலாம். தடம் தொலைகிற இடங்களில் பல இப்படித் திரும்பிய இடங்களே.

கடைசித் துளியிலிருந்து சின்ன வட்டமாகத் தொடங்கி, பத்தடி, முப்பதடி என்று விரித்துக்கொண்டே போங்கள். தடத்தின் மேல் நடக்காதீர்கள், பக்கத்தில் நடங்கள். மான் பாதைகள் பிரியும் இடங்கள், ஓடைக் கரை, விழுந்த மரங்களின் மறுபுறம் ஆகியவற்றை முதலில் பாருங்கள். கூட வரும் ஆள் கடைசித் துளியில் நிற்கட்டும், நீங்கள் தேடுங்கள். நண்பர்களைக் கூட்டமாகக் கூட்டி வராதீர்கள். எட்டுப் பேர் பீர் டப்பாவோடு உற்சாகமாக வந்து, பத்தே நிமிடத்தில் எல்லாச் சருகையும் புரட்டிப்போட்டதை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் பூட்சுகளின் அடியில் ஒட்டிய இரத்தம் காடு முழுவதும் புதுத் தடங்களை உண்டாக்கியது.

முதல் ஐம்பது கஜம் ஆறாக ஓடிய வெளிர்ச் சிவப்பு இரத்தம், மெல்ல மெல்லக் குறைந்து துளித்துளியாகி நின்றால், அது தசைக் காயமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு மான் சரிந்து விழ, உடலில் உள்ள இரத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காவது வெளியேற வேண்டும். இலைகளில் பரவிய இரத்தம் எப்போதும் உண்மை அளவைவிட அதிகமாகவே தோன்றும்.

"மழை வரப்போகிறது"

மழை இரத்தத்தைக் கழுவும். தடத்தின் நாற்றத்தை அவ்வளவு எளிதில் கழுவாது. வயிற்றுக் காயம் என்றால் மழை வந்தாலும் காத்திருங்கள். எப்படியும் பின்தொடரும்படி அந்தக் காயம் இரத்தம் சிந்தப்போவதில்லை, அதனால் நீங்கள் இழப்பதும் சொற்பம். மார்புக் காயம் என்று உறுதியாகத் தெரிந்தால் அரை மணியைப் பதினைந்து நிமிடமாகச் சுருக்கிக்கொள்ளலாம். தரையில் பனி இருந்தால் வரம்.

"நாயை எப்போது அழைப்பது?"

நீங்கள் நினைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு.

நாய் தேடுவது இரத்தத்தை மட்டும் அல்ல. மானின் குளம்புகளுக்கு இடையில் ஒரு சுரப்பி உண்டு. ஒவ்வொரு அடியிலும் அந்த மானின் மணத்தை மண்ணில் விட்டுப்போகும். பயிற்சி பெற்ற நாய் பத்து மான்கள் குறுக்கே நடந்திருந்தாலும் அந்த ஒரு மானைப் பிரித்தெடுத்துப் பின்தொடரும். இரத்தமே இல்லாத தடத்திலும் போகும். நீங்கள் இருபது முறை மிதித்துக் கலக்கிய இடத்தில்தான் அது திணறும். அதனால்தான் சீக்கிரம் அழையுங்கள் என்கிறேன்.

இதில் ஐரோப்பா முந்திக்கொண்டது. ஜெர்மனியில் வேட்டைக்காரர்களின் பேச்சில் காயம்பட்ட விலங்கின் இரத்தத்துக்கு 'வியர்வை' என்றே பெயர். அதைத் தேடும் நாய் 'வியர்வை நாய்'. காயம்பட்ட விலங்கை வீணான வேதனைக்கு விடக் கூடாது என்பதை அந்த நாட்டு வேட்டைச் சட்டத்தின் 22அ பிரிவு கடமையாகவே வைத்திருக்கிறது. ஸ்வீடனில் மான் வேட்டைக்குப் போகிறவர், காயம்பட்ட விலங்கைத் தேடும் நாயை இரண்டு மணி நேரத்துக்குள் அந்த இடத்துக்குக் கொண்டுவர வழி செய்திருக்க வேண்டும். அமெரிக்காவில் மான் தடத்தில் நாய் என்றாலே கள்ள வேட்டை என்று பல மாநிலங்கள் நீண்ட காலம் அஞ்சின. 1970களில் நியூயார்க்கில் ஜான் ஜெனனி கம்பி முடி டாக்ஸ்ஹண்ட் நாய்களை வைத்துச் சிறப்பு அனுமதியோடு தேடத் தொடங்கினார். கயிற்றில் கட்டிய நாய் என்ற முறை அதன் பிறகு மாநிலம் மாநிலமாகப் பரவியது. பென்சில்வேனியா 2018இல்தான் அனுமதித்தது. மிச்சிகனில் கயிற்றில் கட்டி அழைத்துப் போகலாம்.

எங்கள் பகுதியில் ஓர் அம்மாள் முழங்கால் உயரம்கூட இல்லாத டாக்ஸ்ஹண்டோடு வருவார். வந்ததும் அவர் கேட்பது மூன்று: எத்தனை மணிக்கு எய்தாய், எங்கே கடைசியாகப் பார்த்தாய், எத்தனை பேர் மிதித்தீர்கள். மூன்றாவது கேள்விக்கு எல்லாரும் பொய் சொல்வார்கள், அவரும் அதை இரண்டால் பெருக்கிக்கொள்வார்.

"தடம் பக்கத்து நிலத்துக்குள் போகிறது"

வில்லைக் கீழே வையுங்கள். வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

நம் அகப்பொருளில் 'கலைமான் வினாதல்' என்று ஒரு துறையே உண்டு. தலைவன் தினைப்புனம் காக்கும் பெண்களிடம் போய், "என் அம்பு பட்ட கலைமான் இவ்வழி வந்ததோ?" என்று கேட்பான். மானும் இல்லை, அம்பும் இல்லை. தலைவியோடு பேச ஒரு சாக்கு. அந்தச் சாக்கு எடுபட வேண்டுமானால், அம்பு பட்ட மானைத் தேடி ஒருவன் அடுத்த புனம் வரை வந்து விசாரிப்பது ஊரில் இயல்பாக இருந்திருக்க வேண்டும் அல்லவா? மிச்சிகனில் அதே கேள்வியை நான் நாலைந்து வாசல்களில் கேட்டிருக்கிறேன். ஒருவர் மட்டும் மறுத்தார். மற்றவர்கள் டார்ச்சோடு கூடவே வந்தார்கள். மறுத்தால் மறுத்ததுதான், அனுமதி இல்லாமல் நுழைந்தால் அது அத்துமீறல். உள்ளூர் வனத்துறை அதிகாரியை அழைத்துச் சொல்லலாம், அவர் பேசிப் பார்ப்பார். வேட்டைக் காலம் தொடங்குவதற்கு முன்பே அக்கம்பக்கத்தாரிடம் சொல்லி வைத்திருந்தால் இரவு ஒன்பது மணிக்கு அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருக்காது.

இருட்டிய பின் இன்னொரு எச்சரிக்கை. மிச்சிகனில் சூரியன் மறைந்து அரை மணியோடு வேட்டை நேரம் முடிகிறது. அதன் பிறகு விளக்கும் ஆயுதமும் ஒன்றாகக் கையில் இருந்தால் வழக்கில் மாட்டிக்கொள்ளலாம். விதிவிலக்குகள் உண்டு; அந்த ஆண்டின் விதிக் கையேட்டைக் கிளம்பும் முன்பே படியுங்கள்.

"கண்டுபிடித்துவிட்டேன். உயிர் இருக்கிறதா?"

கண்ணைப் பாருங்கள். செத்த மானின் கண் திறந்திருக்கும். மூடியிருந்தால் உயிர் இருக்கிறது. முதுகுப் பக்கமாக நெருங்குங்கள், காலுக்கு நேராகப் போகாதீர்கள். நீண்ட குச்சியால் விழியைத் தொடுங்கள். இமைத்தால் பின்வாங்கி, சட்டம் அனுமதிக்கும் வழியில் மார்பில் உடனே இன்னொரு அம்பு. கத்தியோடு குனிந்து வீரம் காட்டுகிறவர்களைக் குளம்பு கிழித்த கதைகள் போதுமான அளவு இருக்கின்றன.

உயிர் போயிருந்தால் உரிமச் சீட்டைக் கட்டிவிட்டு உடனே குடல் நீக்குங்கள். வயிற்றுக் காயம் என்றால் அழுக்குப் பட்ட சதையை வெட்டி எறியுங்கள். தண்ணீர் ஊற்றி அலசிப் பரப்பாதீர்கள். மிச்சிகனில் 72 மணி நேரத்துக்குள் மானை இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். ஜெர்மானியர்கள் விழுந்த மானின் வாயில் ஒரு பசுங்கிளையை வைப்பார்கள், கடைசிக் கவளம் என்று. இங்கே அப்படி வழக்கம் இல்லை. எழுபது தாண்டிய பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் தொப்பியைக் கழற்றி ஒரு நிமிடம் நிற்பார்; ஏன் என்று நான் கேட்டதில்லை.

"கிடைக்கவே இல்லை"

நாயும் வந்து போயிற்று, வட்டமும் கட்டமும் தேடியாயிற்று. இன்னும் இரண்டு நாள் வேலை இருக்கிறது. காலையில் அந்தக் காட்டின் விளிம்பில் நின்று வானத்தைப் பாருங்கள். காகங்கள் ஓரிடத்தில் கூடிக் கத்தினால் போய்ப் பாருங்கள். சதுப்பின் நீர்க்கரைகளைக் காலை வெளிச்சத்தில் மறுபடி நடந்து பாருங்கள். வயிற்றுக் காயம்பட்டது கடைசியில் தண்ணீரை நாடும். பரண் ஏறி அடுத்த மானுக்குக் குறி வைப்பது அதன் பிறகுதான். சில ஆப்பிரிக்க நாடுகளில் ஒரு துளி இரத்தம் சிந்தினாலே அந்த விலங்கு உன் கணக்கில், முழுக் கட்டணம். இங்கே அப்படிக் கட்டாயம் இல்லை. அந்த ஆண்டு நான் என் கணக்கில் ஒன்று என்று எழுதிக்கொண்டேன்.

அந்தப் பிணையை மூன்றாம் நாள் காலை காகங்கள்தான் காட்டிக்கொடுத்தன. கயோட்டிகள் பாதிக்கு மேல் தின்றுவிட்டிருந்தன. சதுப்பில் எழுந்து ஓடியது வெகுதூரம் போகவில்லை; அரை வட்டமாகத் திரும்பி வந்து, விழுந்த சீடார் மரத்தின் மறுபுறம் படுத்திருக்கிறது. மரத்தின் இந்தப் பக்கம், நாற்பதடி தள்ளி, என் பூட்ஸ் தடம் சேற்றில் திரும்பியிருந்தது.